ஓவியம் கடல் கடக்கும் முன்: தலவாக்கலைத் தந்தை ஒருவருக்கு

மதிப்புக்குரிய ஐயா,

உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்துத் தேறிய உங்கள் மகள், தான் வரைந்த நீர்வண்ண ஓவியமொன்றை லண்டனில் உள்ள ஒருவர் விலைக்குக் கேட்டிருப்பதைக் காட்டி "இனி இதுதான் என் தொழில்" என்று சொல்வதாகவும், தேயிலைக் கொழுந்து பறித்த காசில் படிக்கவைத்த பிள்ளை படத்தை நம்பி உட்கார்ந்துவிடுமோ என்ற கவலையில் உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் தூக்கமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். விற்பனையை நிறுத்தச் சொல்லாதீர்கள். படிப்பை விடவும் சம்மதிக்காதீர்கள். முதல் ஒரு வருடத்துக்கு மரச்சட்டம் போடாத சிறிய தாள் ஓவியங்களை மட்டும் விற்கட்டும். இந்தத் தொழிலில் கை எவ்வளவு முக்கியமோ, பொதி கட்டுவதும் சுங்கப் பத்திரம் எழுதுவதும் அவ்வளவு முக்கியம். அவை பிடிபடுகின்றனவா என்பது அந்த ஒரு வருடத்திலேயே தெரிந்துவிடும்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பு கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் காண்பியக் கலை படிக்கலாம். இத்துறைக்கு, உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்தும் இஸட் புள்ளியோடு தகைமைத் தேர்வும் கேட்பார்கள் என்பதால், அறிவித்தல்களைத் தவறவிட வேண்டாம். ஆசிரியத் தொழில்தான் உங்கள் விருப்பம் என்றால், கொட்டகலை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. இவற்றுள் எதில் சேர்ந்தாலும் மாதம் ஓர் ஓவியம் அனுப்ப நேரம் கிடைக்கும்.

இனி அந்த லண்டன்காரர். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் "என் மனைவியின் பிறந்தநாளுக்கு வேண்டும், அவசரம்" என்று தொடங்கி, கேட்ட விலைக்கு மேலாகக் காசோலை அனுப்பி, "மிச்சத்தை என் கப்பல் முகவருக்குக் கட்டிவிடுங்கள்" என்று முடிக்கும் கடிதம் உலகெங்கும் ஓவியர்களுக்கு வரும் பழைய மோசடி. வங்கி அந்தக் காசோலையை முதலில் வரவு வைத்தாலும், பின்னர் அது திரும்பி வரும்போது தொகையைக் கழித்துக்கொள்ளும். முகவருக்குக் கட்டிய பணம் நம் கையை விட்டுப் போயிருக்கும். பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாகப் பணம் பெறும் வசதி இலங்கையில் நீண்டகாலமாக இல்லாதிருந்தபடியால், நம் பிள்ளைகளுக்குப் பொருத்தமான வழி நேரடி வங்கிப் பரிமாற்றம்தான். அனுப்பியதாகக் காட்டும் பற்றுச்சீட்டின் படத்தை நம்பக் கூடாது. பணம் கணக்கில் விழுந்த பின்னரே ஓவியம் வீட்டை விட்டு வெளியேற வேண்டும்; உறவினர் கேட்டாலும் இதுதான் விதி.

தாள் ஓவியம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் கூரியர் கணக்கு. கூரியர் நிறுவனங்கள் பொதியின் உண்மையான எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, வருவதையும் எடையையும் ஒப்பிட்டுப் பெரியதற்கே கட்டணம் வாங்குகின்றன. 70, 60, 10 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் ஒரு கன்வஸ் ஓவியத்தை வைத்தால், தராசு 2.5 கிலோ காட்டினாலும் கட்டணப் பட்டியல் 8.4 கிலோவுக்கு வரும். அதே ஓவியத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, 80 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள குழாயில் சுருட்டினால் கணக்கு 1.6 கிலோவில் நிற்கும். சுருட்டும்போது வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் வண்ணப்படலம் நெருக்குண்டு வெடிக்கும். தடித்த எண்ணெய் வண்ணம் முற்றாக உலர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்பதால், அவசரக் கட்டளைக்கு அது உகந்ததல்ல.

பொதி கட்டுவதில் ஒரு பாடத்தை நான் என் வீட்டிலேயே கற்றேன். என் தங்கையின் மகள் அக்ரிலிக் ஓவியமொன்றைக் காற்றுக்குமிழ் உறையில் நேரடியாகச் சுற்றிக் கனடாவுக்கு அனுப்பினாள். பத்து நாள் கழித்து, பிரித்த ஓவியத்தின் படம் அங்கிருந்து வந்தது. நீல வானம் முழுவதும் வட்ட வட்டமாகக் குமிழிகளின் தடம். வெயிலில் இளகிய வண்ணத்தில் அச்சுப்போல் பதிந்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள், ஓவியமும் போயிற்று. முகத்தில் முதலில் வழவழப்பான கிளாசின் தாள், அதன்மேல் அட்டை, பிறகுதான் குமிழ் உறை என்று அன்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை ஈரம். தென்மேற்குப் பருவமழை நாட்களில் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அறையில் கிடக்கும் தாள் கையில் தொட்டாலே சில்லென்று இருக்கும். அதை அப்படியே பொலித்தீனில் அடைத்தால் பூஞ்சணத்தையும் சேர்த்து அனுப்பியதாகிவிடும். வெயில் விழும் நாளில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலமொன்றை உள்ளே வைத்து மூடச் சொல்லுங்கள்.

சுங்கப் பத்திரத்தில் பல பிள்ளைகள் "அன்பளிப்பு" என்றும் விலையைக் குறைத்தும் எழுதி வரியைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். அது பொய்யான வெளிப்படுத்தல். பொதி தொலைந்தால் காப்புறுதியும் பத்திரத்தில் எழுதிய தொகையோடு நின்றுவிடும். கையால் வரைந்த மூல ஓவியங்களுக்கு உலகச் சுங்க அட்டவணையில் 9701 என்ற தனித் தலைப்பு உண்டு. அந்த இலக்கத்தோடு "மூல நீர்வண்ண ஓவியம், தாளில், சட்டமில்லாதது", வரைந்த ஆண்டு, உண்மையான விலை ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதினால் போதும். பிரித்தானியாவில் இத்தகைய ஓவியத்துக்கு இறக்குமதி வற் (பெறுமதி சேர்) வரி வழக்கமான 20 வீதமல்ல, 5 வீதம்தான். அதை வாங்குபவரே செலுத்த வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும்; சொல்லாவிட்டால் அவர் மறுப்பார், பொதி நம் செலவில் திரும்பி வரும்.

ஓவியத்தை விற்பதால் அதன் பதிப்புரிமை போய்விடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது வரைந்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடங்களும் நிலைக்கும். வாழ்த்து அட்டையில் அச்சிடக் கேட்டால் அதற்குத் தனி விலை, தனி எழுத்து. அனுப்பும் முன் நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் அவசியம்.

கடைசியாக, முகவரி. தோட்டத்தில் வீட்டுக்கு வீடு முகவரி இல்லாமல், கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, யார் கையிலோ நாட்கணக்கில் தங்கி நம் வாசலுக்கு வரும் நிலைமை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திரும்பி வரும் பொதிக்கும் வங்கிக் கடிதத்துக்கும் அது சரிவராது. தலவாக்கலை நகரில் உங்களுக்கு நம்பிக்கையான கடைக்காரர் இருந்தால் அவருடைய முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே முகவரியையே அனுப்புநராக எல்லாப் பத்திரங்களிலும் எழுதட்டும். அது கிடைத்த பிறகு லண்டன்காரருக்கு மகள் பதில் எழுதலாம்.