ஃபண்டி விரிகுடாவில் கடல் ஏன் இவ்வளவு உயரம் ஏறி இறங்குகிறது? (சிறுவர்களுக்கு)

ஃபண்டி இருப்பது கனடாவில், நியூ பிரன்சுவிக், நோவா ஸ்கோஷியா மாகாணங்களுக்கு நடுவே. அதன் உள்முனையிலுள்ள பர்ன்ட்கோட் ஹெட்டில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 16 மீட்டர் வரை வித்தியாசம் வரும்.

நிலாவும் சூரியனும் இழுப்பதால் எல்லாக் கடலிலும் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, உண்டு. ஃபண்டியில் அது பெரிதாவதற்கு அந்த விரிகுடாவின் நீளமும் ஆழமும்தான் முக்கியக் காரணம். ஊஞ்சல் திரும்பி வரும் சரியான நொடியில் தள்ளினால், சின்னத் தள்ளலே போதும், உயர உயரப் போகும் இல்லையா? ஃபண்டியின் தண்ணீர் உள்ளே போய்த் திரும்ப ஏறக்குறைய 13 மணி நேரம் ஆகிறது. வெளிக்கடலின் ஓதமோ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை தள்ளுகிறது. இரண்டும் கிட்டத்தட்டப் பொருந்துவதால் ஒவ்வொரு தள்ளலும் வலுச் சேர்க்கிறது. போதாததற்கு, உள்ளே போகப் போக விரிகுடா குறுகி, ஆழமும் குறைகிறது. நெருக்கப்பட்ட தண்ணீர் மேலேதானே எழ முடியும்! அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் இன்னும் கூடும்.

ஃபண்டிக் கரையிலுள்ள ஹோப்வெல் பாறைகளுக்குப் போனால் வற்றத்தின்போது கடலடியிலேயே நடக்கலாம். பாறையின் அடியில் பழுப்புநிறக் கடற்பாசி எதுவரை ஒட்டியிருக்கிறது என்று அண்ணாந்து பாருங்கள். தண்ணீர் வழக்கமாக அதற்கும் மேலே ஏறும்.

ஆனால் கவனம்: வற்றம் முடிந்து சுமார் ஆறேகால் மணி நேரத்தில் முழு ஏற்றம் வந்துவிடும். நடுவிலுள்ள மணி நேரங்களில்தான் வேகம் அதிகம். நீங்கள் நிற்கும் இடம் காய்ந்திருக்கும்போதே, திரும்பும் வழியிலுள்ள பள்ளம் நிரம்பிவிடலாம். நேரமும் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் நேற்றைய கணக்கை நம்பாமல், அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.