சாலையில் ஓட்ட அனுமதி உள்ள, ஆனால் பலரும் கேள்விப்படாத, எடை குறைந்த சூப்பர் கார் எது? அதை அன்றாடம் ஓட்ட முடியுமா?

என் பதில் கப்பாரோ டி1. கார்ப் பித்துப் பிடித்த நண்பர்களிடம் சொன்னாலே "அது எந்த ஊர் வண்டி?" என்றுதான் கேட்கிறார்கள். பிரிட்டன் வண்டிதான், பணம் போட்டவர் ஜலந்தரில் பிறந்த ஸ்வராஜ் பால். மெக்லாரன் நிறுவனத்தின் 'எஃப்1' என்ற சாலைக் காருக்காக உழைத்த இரண்டு பொறியாளர்கள் தொடங்கிய சிறு நிறுவனத்தை அவருடைய கப்பாரோ குழுமம் 2006இல் தன்வசப்படுத்தியது. எஃகில் சம்பாதித்த குடும்பம், கார்பன் ஃபைபரில் கார் செய்தது!

எடை சுமார் 550 கிலோ. எஞ்சின் 3.5 லிட்டர் வி8, 575 குதிரைத்திறன். இது எவ்வளவு விபரீதமான கணக்கு என்பதற்கு எங்கள் வீட்டுப் பழைய மாருதி 800ஐச் சொல்கிறேன். அது ஏறக்குறைய 650 கிலோ, 37 குதிரைத்திறன். ஒருமுறை அதன் முன்சக்கரம் சாக்கடையில் இறங்கிவிட, தேநீர்க் கடையில் நின்றவர்கள் நான்கு பேர் வந்து அலுங்காமல் தூக்கி வைத்துவிட்டுப் பாதியில் விட்ட தேநீரைக் குடிக்கப் போனார்கள். அதைவிட நூறு கிலோ குறைந்த வண்டிக்குப் பதினைந்து மடங்கு திறன்! டன்னுக்கு ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் வருகிறது. அந்தக் காலத்தில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்த புகாட்டி வேரானுக்கு அதில் பாதிதான்.

உடல் குறுகலாக இருக்க வேண்டும் என்பதற்காக, பக்கத்து இருக்கையைச் சற்றுப் பின்தள்ளி வைத்திருக்கிறார்கள். இருவரின் தோள்களும் இடிக்காது. முன்னும் பின்னும் உள்ள இறக்கைகளும் அடித்தளமும் காற்றைப் பிடித்து வண்டியைத் தரையோடு அழுத்துகின்றன. வேகம் இருந்தால்தான் இந்த அழுத்தம் கிடைக்கும். நிதானமாகப் போகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 2007இல் பிபிசியின் கார் நிகழ்ச்சியான டாப் கியரின் ஓடுதளத்தை இந்த வண்டி 1 நிமிடம் 10.6 விநாடியில் சுற்றியது. சாலைக் கார்களில் அதுவரை எதுவும் தொடாத நேரம். ஆனாலும் அவர்களுடைய சுற்று நேரப் பட்டியலில் இடம் தரவில்லை. பட்டியலில் சேர வேண்டுமானால் வண்டி ஒரு வேகத்தடையைத் தாண்ட வேண்டும் என்பது அவர்கள் விதி; இதன் வயிறு அவ்வளவு தாழ்வு. அதே ஆண்டு இன்னொரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஓட்டிய பந்தய வீரர் ஜேசன் பிளேட்டோ, வண்டி தீப்பற்றியதில் முகத்திலும் கையிலும் காயப்பட்டார்.

ஆண்டுக்கு 25 வண்டிகள் என்பது திட்டம். அந்தக் கணக்கு ஒருபோதும் எட்டவில்லை. 2015இல் கப்பாரோ குழுமத்தின் பிரிட்டன் நிறுவனங்கள் பலவும் நொடித்துப்போயின.

எனவே அன்றாடம் ஓட்ட முடியுமா என்றால், பிரிட்டனில் பதிவு எண் உண்டு, விளக்குகள் உண்டு, சட்டம் தடுக்காது. என் வீட்டிலிருந்து பிரதான சாலை 400 மீட்டர். அதற்குள் மூன்று வேகத்தடைகள். ஒன்று கோயில் திருவிழாவின்போது யாரோ சொந்தமாகப் போட்டது.