ரத்தம் உறையும் கோளாறு இருப்பவர் ஸ்டீராய்டு போடலாமா?

உங்களுக்கு ஃபேக்டர் ஃபைவ் லெய்டன் (ரத்தம் எளிதில் உறைந்துவிடும் பரம்பரைக் கோளாறு), ஒருமுறை காலில் ரத்தக்கட்டி வந்திருக்கிறது, இப்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறீர்கள். "மாத்திரைதான் காப்பாற்றுகிறதே, தசை வளர ஒரே ஒரு சைக்கிள் (சில வாரம்) ஸ்டீராய்டு போட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து வேண்டாம். நான் போட்டுப் பார்த்தவன்.

எனக்கு இருப்பது புரோட்டீன் எஸ் குறைபாடு, அதுவும் ரத்தம் எளிதில் உறையும் கோளாறுதான். 27 வயதில் இடது கெண்டைக்காலில் ரத்தக்கட்டி வந்தது. அன்றிலிருந்து வார்ஃபரின் வகையைச் சேர்ந்த அசிட்ரோம் மாத்திரை. ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை, எண் கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் கட்டி) 2-க்கும் 3-க்கும் நடுவே இரண்டு வருடம் ஒழுங்காக நின்றது. அப்புறம் ஜிம்மில் கூட இருந்த ஒருவர், "நீதான் ரத்தத்தை இளக்குற மாத்திரை போடுறியே, உனக்கு எங்க கட்டப் போகுது?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி, தினமும் ஸ்டேனோசோலால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை என்று ஆரம்பித்தேன்.

மூன்றாவது வாரம் பல் துலக்கித் துப்பினால் எல்லாம் சிவப்பு. ஊசி போட்ட தொடை கல் மாதிரி இறுகி, நாவல்பழ நிறம் முழங்கால் வரை இறங்கியிருந்தது. ஐஎன்ஆர் 7.4. ஸ்டேனோசோலால், டானசோல் போன்றவை வார்ஃபரின், அசிட்ரோம் இரண்டின் வேகத்தையும் கூட்டிவிடும். அதே அளவு மாத்திரைதான் விழுங்கினேன், ஆனால் உடம்புக்குள் அது பல மடங்கு வேலை செய்திருக்கிறது.

டாக்டர் கேட்டார்: ஆன்டிபயாடிக் எடுத்தீர்களா, வலி மாத்திரை, நாட்டு மருந்து, கீரையை நிறுத்திவிட்டீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். ஸ்டீராய்டைச் சொல்ல வெட்கம். அவர் அசிட்ரோமை இரண்டு நாள் நிறுத்தி, பிறகு அளவைக் குறைத்துக் கொடுத்தார். நான் பயந்துபோய் வீட்டில் ஸ்டேனோசோலாலைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டேன். இங்கேதான் பெரிய தப்பு நடந்தது. கூட்டிக்கொண்டிருந்த மருந்து போய்விட்டது, குறைத்த அளவு அப்படியே இருக்கிறது, ஐஎன்ஆர் 1.3-க்கு விழுந்தது. அந்த வாரமே பழைய காலில் பழைய வலி. டாப்ளர் ஸ்கேனில் புது ரத்தக்கட்டி.

அதே சமயம் பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு) 55. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைக் கூடுதலாக உற்பத்தி செய்ய வைக்கும், ரத்தம் கெட்டியாகும். மருத்துவக் காரணத்துக்காக டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவர்களுக்கே 54-ஐத் தாண்டினால் நிறுத்தச் சொல்வார்கள். சிவப்பணு கூடாதவர்களுக்கும் ரத்தநாளத்தில் (சிரையில்) ரத்தக்கட்டி வரலாம் என்பதால்தான் 2014-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எல்லா டெஸ்டோஸ்டிரோன் மருந்துகளிலும் பொதுவான எச்சரிக்கை போட வைத்தது.

"ஸ்டேனோசோலால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் புரோட்டீன் சி-யைக் கூட்டும், அது நல்லதுதானே" என்றும் யாராவது சொல்வார்கள். பரிசோதனையில் அளவு கூடுவது உண்மை. ஆனால் உங்கள் கோளாறே, ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் ஃபைவ், புரோட்டீன் சி சொல்வதைக் கேட்காமல் இருப்பதுதான். அதைக் கூட்டி உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைகளுக்கு மாறினாலும், கெட்டி ரத்தமும் தசைக்குள் ஊசி போட்டு வரும் ரத்தக்கசிவும் அப்படியேதான் இருக்கும்.

ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டீராய்டையும் என்னைப் போல ரகசியமாக விடாதீர்கள். இன்றே டாக்டரிடம் சொல்லி ஐஎன்ஆர், பிசிவி இரண்டும் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, தாங்க முடியாத தலைவலி வந்தாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

திட்டுவார்களே என்ற பயத்தில்தான் நான் மறைத்தேன். கட்டி வந்தபிறகு சொன்னபோது டாக்டர் திட்டவில்லை. மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொன்னார், பெயரையும் மில்லிகிராமையும் குறித்துக்கொண்டார், மூன்று நாளுக்கு ஒருமுறை ஐஎன்ஆர் எடுக்க எழுதிக் கொடுத்தார்.