பனி ஏரிக் கருவி கே.ஆர்.பி. அணைக்கு ஆகுமா?

கேள்வி: நான் காவேரிப்பட்டணம் பக்கம், ஓய்வு பெற்ற ஆசிரியர். வாரத்தில் இரண்டு நாள் தெரிந்தவர் பரிசலில் ஏறி கே.ஆர்.பி. அணையில் (கிருஷ்ணகிரி அணை) தூண்டில் போடுவேன். தண்ணீர் குறைந்தால் கரையில் உட்கார்ந்துவிடுவேன். என் மருமகன் கனடாவில் வின்னிபெக்கில் இருக்கிறார். அங்கே உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க வாங்கிய பழைய சோனார் கருவி ஒன்று (ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டுவது) சும்மா கிடக்கிறதாம். வட்ட முகப்பு, விளக்குகள் சுற்றுமாம். தை மாதம் வரும்போது எடுத்து வரட்டுமா என்கிறார். இங்கே ஒருவரோ, "அது பனிக்குச் செய்தது, நம்ம ஊர் சூட்டுக்கு நிற்காது. 22,000 ரூபாய் கொடுங்கள், கலர் ஸ்கிரீன் தருகிறேன், என்ன மீன் என்றே சொல்லும்" என்கிறார். முதல் கருவியாக எதை எடுப்பது?

பதில்: மருமகனிடம் எடுத்து வரச் சொல்லுங்கள். 22,000 ரூபாயைப் பையிலேயே வையுங்கள்.

பனிக்குச் செய்தது என்பதில் அந்த ஆள் சொல்வது பாதி உண்மை. உறைந்த ஏரியில் மீன் பிடிப்பவர் ஒரே இடத்தில் உட்காருவார். துளைபோடும் கருவியால் ஒரு சாண் அகலத்துக்குத் துளை போட்டு, அதில் தூண்டிலை நேர் கீழே இறக்குவார். பக்கத்திலேயே சோனாரின் சென்சாரை, மிதவையில் கட்டித் தொங்கவிடுவார். சென்சார் ஒலியை அனுப்பும். அது ஏரியின் தரையிலோ, மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பையிலோ பட்டுத் திரும்பும். வட்ட முகப்பில் அந்தந்த ஆழத்துக்கு நேராக ஒரு கோடு எரியும். எதிரொலி லேசாக இருந்தால் பச்சை, நடுத்தரம் என்றால் ஆரஞ்சு, பலமாக இருந்தால் சிவப்பு. அவ்வளவுதான் அதன் வேலை. கல்லைக் கட்டி இறக்கி நிறுத்திய பரிசலில் உட்கார்ந்து நேர் கீழே தூண்டில் இறக்கும் நீங்கள் செய்வதும் அதே காரியம். படகு ஓட்டிக்கொண்டே மீன் தேடுகிறவனுக்கான கருவியை விட, இது உங்கள் பரிசலுக்குப் பொருந்தும்.

சூடு பற்றி ஒரே ஒரு விஷயம். பனி ஊரில் இந்த வட்ட முகப்பை விரும்பக் காரணம், கடுங்குளிரில் சாதாரண ஸ்கிரீன் மந்தமாகிவிடும், சுற்றும் விளக்கு மந்தமாகாது. அந்த லாபம் நமக்கு இல்லை. நட்டமும் இல்லை. சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். பரிசலில் ஈரத்துண்டு போட்டு மூடுங்கள், போதும்.

மருமகன் எடுத்து வரும்போது இரண்டு இடத்தில் தவறு நடக்கும். முதலாவது, சென்சார். முகப்பு இருக்கும் பெட்டியை மட்டும் பத்திரமாகச் சுற்றி எடுத்து வந்துவிட்டு, வயரோடு தொங்கும் சென்சாரை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடற்கரையில் இருபது வருடம் விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் (ஒலியால் ஆழம் பார்க்கும் கருவி) பழுது பார்த்தவன் நான். சென்சார் இல்லாத பெட்டி வெறும் டப்பா. இன்னொரு கம்பெனி சென்சாரை மாட்டலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பிளக் ஒத்துப்போகாது, ஒத்துப்போனாலும் ஒலி அலை ஒத்துப்போகாது. அந்த மிதவையையும் சேர்த்து எடுத்து வரச் சொல்லுங்கள், சின்னப் பொருள்தான்.

இரண்டாவது, சார்ஜர். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். இங்கே 230. சார்ஜரின் முதுகில் "100–240" என்று எழுதியிருந்தால் சரி. "120" என்று மட்டும் இருந்தால், நம் சுவரில் செருகிய அந்த நொடியில் புகைந்துவிடும். பேட்டரியும் வேண்டாம். லித்தியம் பேட்டரியைத் தனியாகக் கொண்டுவந்தால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், அளவு பெரிதானால் விமானக் கம்பெனியின் அனுமதி கேட்பார்கள், வீண் அலைச்சல். அந்தக் கருவி கேட்பது 12 வோல்ட். கம்ப்யூட்டர் யூ.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி கிருஷ்ணகிரியில் எந்த பேட்டரி கடையிலும் கிடைக்கும். ஒரு பகல் முழுவதும் தாராளமாகத் தாங்கும். இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடி, பரிசலின் நடுவில் வையுங்கள்.

சரி, அந்த 22,000 ரூபாய்க்காரர் விஷயத்துக்கு வருகிறேன். இவரைப் போல நாலைந்து பேரை எனக்குத் தெரியும், எல்லோரும் ஒரே வித்தையைத்தான் காட்டுகிறார்கள். மேசையில் கருவியை வைத்து சுவிட்சைப் போடுவார்கள். ஸ்கிரீனில் ஏரி தெரியும், அடியில் பாறை தெரியும், பெரிய மீனும் சின்ன மீனும் நீந்தும். பார்க்கிறவர் வாயைப் பிளப்பார். தண்ணீரே இல்லாத மேசையில் எங்கிருந்து மீன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அது கருவிக்குள் போட்டு வைத்திருக்கும் மாதிரிப் படம். நல்ல கம்பெனிக் கருவிகளிலும் இது உண்டு, கற்றுக்கொள்வதற்காக வைத்திருக்கிறார்கள். அதைக் காட்டி விற்பது ஏமாற்று. பாலக்கோடு பக்கத்து நண்பர் ஒருவர் இப்படிப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அணையில் இறக்கியபோது அதே பாறையும் அதே மீனும் வரிசை மாறாமல் வந்ததைப் பார்த்துத்தான் விழித்துக்கொண்டார். அது மாதிரிப் படத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்தது, "என்ன மீன் என்று சொல்லும்." சொல்லாது. உங்கள் கையில் வரும் விலையில் எந்தக் கருவியும் கட்லாவையும் ரோகுவையும் ஜிலேபியையும் பிரித்துச் சொல்லாது. எதிரொலி வந்தது, இந்த ஆழத்தில் வந்தது, இவ்வளவு பலமாக வந்தது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். ஸ்கிரீனில் வரும் அந்த அழகான மீன் பொம்மை, கருவி தானாகப் போட்டுக்கொள்ளும் ஊகம். இலை மிதந்தாலும் மீன் பொம்மை, முள்கட்டை நின்றாலும் மீன் பொம்மை.

நம் அணையில் இந்தப் பொம்மை இன்னும் மோசமாக ஏமாற்றும். தென்பெண்ணையில் பெங்களூர் பக்கமிருந்து வரும் கழிவு என்ன நிலையில் இருக்கிறது என்பது ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போது மலைமலையாக எழும் நுரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வருடா வருடம் போட்டோ வருகிறது, வருடா வருடம் ஆய்வு என்கிறார்கள், அடுத்த மழைக்கு நுரை மறுபடியும் வருகிறது. அந்தத் தண்ணீர்தான் கீழே கே.ஆர்.பி.க்கு வருகிறது. அடியில் பல பத்தாண்டு வண்டல் வேறு. வண்டலில் மட்கும் குப்பையிலிருந்து வாயு குமிழ்குமிழாகக் கிளம்பும். காற்றுக் குமிழி ஒலியைப் பலமாகத் திருப்பி அனுப்பும், மீனின் காற்றுப்பையைப் போலவே. மீன் பொம்மை போடும் கருவி அதைப் பார்த்து ஒரு கூட்டமே வந்துவிட்டது என்று காட்டும். நீங்கள் இரண்டு மணி நேரம் குமிழிக்கு மண்புழு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். வட்ட முகப்பில் குமிழி எப்படித் தெரியும் என்றால், தரையில் ஒரு மெல்லிய கோடு பிரியும், நிற்காமல் ஒரே வேகத்தில் மேலே ஏறும், போய்விடும். மீன் அப்படி ஏறாது. நிற்கும், கொஞ்சம் இறங்கும், உங்கள் இரைப் பக்கம் வந்து திரும்பும்.

முதல் நாள் மீன் தேடாதீர்கள். ஈயக்குண்டைக் கட்டித் தூண்டில் நரம்பை இறக்குங்கள். முகப்பில் ஒரு சின்னப் பச்சைக் கோடு இறங்கிக்கொண்டே போகும். அதுதான் உங்கள் குண்டு. தெரியவில்லையென்றால் உணர்திறன் பொத்தானைக் கொஞ்சம் கூட்டுங்கள். முகப்பு முழுக்கப் பொட்டுப் பொட்டாக எரிந்தால் குறையுங்கள். ஒரு முழம் நரம்பை இழுத்தால் கோடு ஒரு முழம் ஏற வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிக் கல்வி முடிந்தது. அப்புறம் அந்தக் கோட்டை நோக்கி இன்னொரு கோடு கீழிருந்து வந்தால், அது இரையைப் பார்க்க வரும் மீன். அப்போது இரையை ஆட்டாமல் ஒரு விரற்கடை மட்டும் தூக்குங்கள். புதுக் கருவி வாங்குகிறவர்களுக்கும் இதே சோதனைதான் சொல்வேன்: கடைக்காரரைத் தண்ணீர் நிறைந்த கிணற்றுக்கோ ஏரிக்கோ கூட்டிப் போய், குண்டை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். வர மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

ஒலி கூம்பு வடிவில் கீழே விரியும். பரவலாகப் பயன்படும் 20 டிகிரி சென்சார் என்றால், ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலத்தைத்தான் பார்க்கும். அணையின் முழு மட்டம் 52 அடி, ஆனால் நீங்கள் பரிசல் போடும் இடங்கள் பெரும்பாலும் 15, 20 அடிதான் இருக்கும். 15 அடியில் கருவி பார்ப்பது ஐந்தடி வட்டம். உங்கள் பரிசலே அதைவிட அகலம். "மீனே காட்டவில்லை" என்று கருவியைத் திட்டுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் முதல் கருவியை மீன் தேட வாங்காதீர்கள், தரையைப் படிக்க வாங்குங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழைய ஆற்றுப்பள்ளம் எங்கே ஓடுகிறது, பாறை எங்கே முடிந்து வண்டல் தொடங்குகிறது, எந்த இடத்தில் 12 அடி திடீரென்று 20 அடியாகிறது என்பதெல்லாம் தெரிந்தால் கெண்டை வகை எங்கே ஒதுங்கும் என்று உங்கள் அனுபவமே சொல்லிவிடும். பாறைத்தரை பளிச்சென்று சிவப்பாக, சில நேரம் இரட்டைக் கோடாக வரும். சேறு என்றால் மங்கிப் பரவிய பட்டையாக வரும்.

பரிசலில் சென்சாரை உள்ளே வைத்து அடிப்பாகத்தின் வழியாகப் பார்க்க முயலாதீர்கள். மூங்கில் பின்னலுக்கும் தார்ப்பாய்க்கும் இடையில் உள்ள காற்று ஒலியை விடாது. துடுப்பு போடாத பக்கம் விளிம்பில் ஒரு கழியைக் கட்டி, சென்சார் தண்ணீருக்குள் அரையடி இறங்கும்படி தொங்கவிடுங்கள்.

கரையில் உட்காருவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மருமகனின் கருவி உதவாத ஒரே இடம் அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கரைக்கென்று பந்து போன்ற சோனார் வருகிறது. தூண்டில் நரம்பில் கட்டி எறிந்தால் மிதந்துகொண்டு, வைஃபையில் செல்போனுக்குப் படம் அனுப்பும். நல்ல பொருள்தான். ஆனால் பந்து 100 கிராம் அளவுக்குக் கனக்கும். நீங்கள் வைத்திருக்கும் மெல்லிய ராடு அதை எறியாது, நுனி ஒடியும். சாதா நரம்பு எறியும் வேகத்திலேயே அறுந்து, பந்து அணைக்கு நடுவில் போய்விடும். முறுக்கு நூல் வேண்டும், முடிச்சை ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்க்க வேண்டும். போனைத் தரையில் வைத்தால் தொடர்பு அறும், நெஞ்சு உயரத்தில் பிடிக்க வேண்டும். பகல் வெயிலில் போன் திரை தெரியாது, குடை பிடிக்க ஒரு ஆள் வேண்டும். கருவேல முள்மரம் மூழ்கிக் கிடக்கும் இடத்தில் சிக்கினால் மீட்க முடியாது. ஆழம் மிகவும் குறைந்த தண்ணீரில் படமும் உருப்படியாக வராது. கோடையில் கரையோரம் அதுதான் இருக்கும். இத்தனையும் ஒத்துவந்தால் வாங்கலாம். உங்களுக்கு ஒத்துவராது என்றே நினைக்கிறேன். அதற்குப் பதில், தண்ணீர் இறங்கிய மாதங்களில் காய்ந்த தரையில் நடந்து, பள்ளத்தையும் கட்டையையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

கருவி கையிலிருந்தால் கேள்வி கேட்பவர்கள் கூடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அணையில் மீன் பிடிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு நான் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மூன்று நாள் அலைந்திருக்கிறேன். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். இந்த அலைச்சலால்தான், "நான் அனுமதி வாங்கித் தருகிறேன்" என்று இடையில் ஒரு ஆள் முளைக்கிறான். அவனிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், கட்டும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள். அந்த ரசீதின் நகலைப் பரிசல் பையில், பேட்டரி டப்பாவுக்குள்ளேயே வைத்துவிடுங்கள், நனையாது.