போன மாதங்கள் திரும்ப வருமா?

குன்னூரில் நாலு நாளாக விடாத மழை. தபால்காரர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால் நான்கு கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன, பட்டாளத்துக்காரர்களைப் படிப்பைக் காட்டி ஏமாற்றுவது. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: ஐயா, நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவன். என் அக்கா மகன் அமெரிக்காவில் கிரீன் கார்டோடு அந்த நாட்டு ராணுவத்தில் சேர்ந்து நாலு வருடம் வேலை பார்த்தான். வெளியே வந்ததும் அரசாங்கம் தரும் படிப்புச் சலுகையில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்தான். இரண்டு வருடம் போன பிறகுதான் அவர்கள் சொன்ன வேலைவாய்ப்புக் கணக்கெல்லாம் பொய் என்று தெரிந்தது. அங்கே படித்ததை வேறு கல்லூரி எதுவும் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. கூடப் படித்த பையன் கடன் வாங்கிப் படித்தவன், அவன் கடன் ரத்தாகிவிட்டதாம். இவனுக்கு ஒன்றுமே இல்லை என்கிறார்களாம். இது என்ன நியாயம்?
- ஒரு வாசகர், வெலிங்டன்

பதில்: நியாயம் இல்லைதான். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் மருமகனுக்குக் கிடைத்தது 9/11க்குப் பிந்தைய ஜி.ஐ. பில், அதாவது ராணுவத்தில் இருந்தவர்களுக்கு அமெரிக்கச் சட்டம் தரும் படிப்புச் சலுகை. அதைப் பணமாகப் பார்க்காமல் மாதமாகப் பாருங்கள். மொத்தம் 36 மாதம். வருடத்துக்கு ஒன்பது மாதப் படிப்பு என்று வைத்தால் சரியாக ஒரு நாலு வருடப் பட்டத்துக்குப் போதும். கல்விக் கட்டணம் அரசிடமிருந்து நேராகக் கல்லூரிக்குப் போய்விடும், வீட்டு வாடகைக்கும் புத்தகத்துக்கும் மட்டும் மாணவர் கைக்கு வரும். அவர் இரண்டு வருடம் படித்தார் என்றால் 18 மாதம் தீர்ந்தது. புதிதாக வேறு கல்லூரியில் முதலிலிருந்து தொடங்கினால் பாதிப் பட்டத்துக்குத்தான் காசு.

நம் ராணுவக் கேன்டீனில் கார்டுக்கு மாதம் இத்தனை பாட்டில் மது என்று தரும் கோட்டா கணக்கில் சொன்னால் உங்களுக்கு உடனே புரியும். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தால் பாட்டிலில் வெறும் தண்ணீர், ஆனாலும் கார்டில் இந்த மாதக் கோட்டா எடுத்தாயிற்று என்றே விழுந்திருக்கும். அதே கதைதான்.

கடன் வாங்கிய பையனுக்கு வேறு வழி இருந்தது. அமெரிக்க அரசின் கல்விக் கடனில் படித்தவரைக் கல்லூரி பொய் சொல்லிச் சேர்த்தது என்று நிரூபணமானால் அந்தக் கடனை ரத்து செய்ய அங்கே சட்டம் இடம் தருகிறது. கொரிந்தியன் என்ற பெரிய தனியார் கல்லூரிக் குழுமம் 2015 ஏப்ரலிலும், ஐ.டி.டி. டெக் என்ற இன்னொரு குழுமம் 2016 செப்டம்பரிலும் மூடப்பட்டன. 2022 ஜூனில் கொரிந்தியனில் படித்த 5 லட்சத்து 60 ஆயிரம் பேரின் 580 கோடி டாலர் கடனையும், ஆகஸ்டில் ஐ.டி.டி.யில் படித்த 2 லட்சத்து 8 ஆயிரம் பேரின் 390 கோடி டாலர் கடனையும் கல்வித் துறை ரத்து செய்தது. ஜி.ஐ. பில் கடன் இல்லையே, ரத்து செய்ய என்ன இருக்கிறது என்பதுதான் இவருக்குக் கிடைக்கும் பதில். துப்பாக்கி தூக்கிச் சம்பாதித்ததற்கு, கையெழுத்துப் போட்டு வாங்கிய கடனுக்கு இருக்கும் பாதுகாப்புகூட இல்லை. எனக்கு இதில்தான் கோபம்.

மாதங்களைத் திருப்பித் தரவே மாட்டார்களா என்றால், தருகிறார்கள், ஒரு சில இடங்களில். 2017 ஆகஸ்டில் வந்த சட்டம், பேச்சுவழக்கில் ஃபாரெவர் ஜி.ஐ. பில் என்பார்கள், கல்லூரி மூடிப்போனாலோ அரசு அங்கீகாரத்தை இழந்தாலோ வீணான மாதங்களைத் திரும்பக் கொடுக்க வழி செய்தது. 2015 தொடக்கத்திலிருந்து மூடிய கல்லூரிகளுக்கும் அது பொருந்தும். உங்கள் மருமகனின் சிக்கல், அவர் படித்த கல்லூரி இன்னும் திறந்திருக்கிறது! மூடினால் கிடைக்கும், ஏமாற்றியபடியே தொழில் நடத்தினால் கிடைக்காது. இந்த ஓட்டையை அடைக்க, மோசடி நிரூபணமானாலே மாதங்களைத் திருப்ப வேண்டும் என்று அமெரிக்க காங்கிரஸில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மசோதா கொண்டுவந்திருக்கிறார்கள்.

இது புதிய வியாதியும் இல்லை. 1944ல் முதல் ஜி.ஐ. பில் வந்தபோதும் கட்டணம் நேராகப் பள்ளிக்குத்தான் போனது, உடனே காளான் மாதிரி தொழிற்பள்ளிகள் முளைத்தன. அதைப் பார்த்துவிட்டு 1952ல், கொரியப் போர்க்காலத்தில் படையில் இருந்தவர்களுக்கான சட்டத்தில், பணத்தை வீரர் கையிலேயே கொடுத்து நீயே கட்டிக்கொள் என்று மாற்றினார்கள். உங்கள் மருமகனுக்குக் கிடைத்த சலுகைக்காக 2008ல் எழுதிய சட்டத்தில் மறுபடியும் பள்ளிக்கே பணம். போதாக்குறைக்கு, லாப நோக்குக் கல்லூரி தன் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அரசின் மாணவர் உதவித்தொகையிலிருந்து வாங்கக் கூடாது என்று ஒரு விதி, அதில் ராணுவத்தினரின் படிப்புப் பணம் அரசுப் பணமாக எண்ணப்படாமல் மீதி 10 சதவீதத்தில் போய்ச் சேர்ந்தது. அதாவது ஒரு முன்னாள் சிப்பாயைச் சேர்த்தால் அவர் பணத்தைக் காட்டியே அதைப் போல ஒன்பது மடங்கு அரசு உதவித்தொகையை வாங்கிக்கொள்ளலாம். சிப்பாய்களை ஏன் அப்படித் துரத்தினார்கள் என்று இப்போது தெரிகிறதா? 2021ல் சட்டம் போட்டு 2023லிருந்துதான் அதை மூடினார்கள்.

சரி, அவர் இப்போது என்ன செய்வது? ஜி.ஐ. பில் மாணவர்களின் புகாரை வாங்க வி.ஏ. எனப்படும் முன்னாள் படைவீரர் துறை இணையத்திலேயே இடம் வைத்திருக்கிறது, முதலில் அங்கே எழுதச் சொல்லுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் கல்லூரிகளுக்கு ஒப்புதல் தரும் அமைப்பு ஒன்று உண்டு, அதற்கும் ஒரு பிரதி. புகார்கள் சேர்ந்து ஒப்புதல் போனால் மாதங்களைத் திருப்பிக் கேட்கும் வழி இவருக்கும் திறக்கலாம். ஜி.ஐ. பில் போக அரசுக் கடனும் கொஞ்சம் வாங்கியிருந்தால் அந்தப் பகுதிக்கு ரத்து கேட்கலாம், நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். ராணுவப் பயிற்சியையே பாடக் கணக்காக ஏற்கும் கல்லூரிகள் உண்டு, பணிக்காலச் சான்றை எடுத்துப்போய்க் கேட்கட்டும். வெட்டரன்ஸ் எஜுகேஷன் சக்சஸ் என்ற அமைப்பு இந்த மாதிரி வழக்குகளுக்குக் காசு வாங்காமல் உதவுகிறது. அவர் 2013 ஜனவரிக்குப் பிறகு ராணுவத்தை விட்டு வந்தவர் என்றால் மீதி 18 மாதத்துக்குக் காலக்கெடு கிடையாது. அதனால் அவசரப்பட்டு அடுத்த இடத்தில் போய் விழ வேண்டாம், கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்க்க வி.ஏ. வைத்திருக்கும் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேரட்டும். போன மாதங்களை மீட்டுத் தருகிறேன், முன்பணம் கொடு என்று யாராவது போன் செய்தால் அவன் இரண்டாவது திருடன்.

கேள்வி: சார், 17 வருட சர்வீஸ் முடித்து நாயக்காக வந்தேன். கிராஜுவிட்டி பணத்தில் 85,000 ரூபாய் கட்டி, கீழே சமவெளியில் ஒரு நிறுவனத்தில் தீயணைப்புப் பாதுகாப்பு டிப்ளமோ சேர்ந்தேன். முன்னாள் படைவீரருக்குப் பாதிக் கட்டணம், கல்ஃபில் வேலை நிச்சயம் என்றார்கள். நாலே மாதத்தில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் மாதிரி நமக்கும் அரசு ஏதாவது திருப்பித் தருமா?
- கோத்தகிரி பக்கத்து ஹட்டி ஒன்றிலிருந்து

பதில்: தராது தம்பி. போனது உங்கள் சொந்தக் காசு, அரசு உங்கள் பேரில் அங்கே கட்டியது அல்ல. பணியில் இருக்கும்போதே டி.ஜி.ஆர். எனப்படும் மத்திய அரசின் படைவீரர் மறுவாழ்வு இயக்ககம் மூலம் மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருந்தால் சிப்பாய்க்கும் ஜே.சி.ஓ. எனப்படும் இளநிலை அதிகாரிக்கும் கட்டணமே கிடையாது. நம் பையன்கள் கடைசி வருடத்தில் லீவு எண்ணுவதில் காட்டும் அக்கறையை இதில் காட்டுவதில்லை, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிடுகிறார்கள். உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, இன்னும் சர்வீஸில் இருக்கும் உங்கள் தம்பிமார் படிப்பார்கள் என்றுதான்.

ஆனால் உங்கள் காசை நீங்களே திரும்பக் கேட்க வழி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதற்காக மலையிறங்க வேண்டாம், ஊட்டியில் இருக்கும் மாவட்ட ஆணையமே போதும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதுதான் முக்கியம், தேயிலை வேலை முடியட்டும், பண்டிகை முடியட்டும் என்று தள்ளாதீர்கள். கல்வி என்பது சேவை அல்ல, நுகர்வோர் சட்டத்தில் வராது என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும், அப்படித் தீர்ப்புகளும் உண்டு. அதே நேரம், இல்லாத அங்கீகாரம் இருப்பதாக விளம்பரம் செய்து மாணவர்களைச் சேர்த்த பீகார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் வழக்கில் 2009ல் உச்ச நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது. உங்கள் வழக்கை அந்தத் தடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பாடம் சரியில்லை என்று போகாதீர்கள், பொய் சொல்லிப் பணம் வாங்கினார்கள் என்று போங்கள்.

கூடவே போலீஸில் மோசடிப் புகார், இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318வது பிரிவு. ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு, பூட்டிய ஷட்டரின் போட்டோ எல்லாம் வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து கோபத்தில் வெளியேறிவிடாதீர்கள், கூட ஏமாந்தவர்கள் எல்லாம் அதில்தான் இருப்பார்கள். வக்கீலுக்குச் செலவழிக்க முடியாது என்றால் இலவச சட்ட உதவி எண் 15100.

அப்புறம் அந்தப் பாதிக் கட்டணம். முழுக் கட்டணத்தில் சேர்ந்த ஒரே ஒருவரையாவது அங்கே பார்த்தீர்களா?

கேள்வி: என் கணவர் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்குப் பிரதமர் உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொல்லி, கல்லூரியில் சேர்த்துவிட்ட ஏஜென்ட் அவள் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு தாய், கூடலூர்

பதில்: கூடவே கூடாதம்மா. அந்தத் தொகை பெண் பிள்ளைக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500 என்ற கணக்கில் மாணவியின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும், நடுவில் யாருக்கும் வேலை இல்லை. முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், புரியாவிட்டால் ஊட்டி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், அங்கீகாரம் பெற்ற தொழிற்படிப்பாக இருக்க வேண்டும், தபால் வழிப் படிப்புக்குக் கிடையாது. கார்டை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு முதலில் பேங்குக்குப் போன் செய்து பிளாக் செய்யுங்கள்.

கேள்வி: பத்தாவது படித்துவிட்டுப் படையில் 16 வருடம் இருந்தேன். பழைய தேதி போட்டு ஒரே மாதத்தில் டிகிரி வாங்கித் தருகிறேன், 40,000 கொடு என்கிறார் ஒருவர். அரசு வேலைக்கு டிகிரி கேட்கிறார்களே?
- அருவங்காடு

பதில்: மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கிய, தொழில்நுட்ப அனுபவம் கேட்காத இடங்களுக்கு, பத்தாவது முடித்து 15 வருடம் படையில் இருந்தவரைப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் டிஸ்சார்ஜ் புக்கோடு ரெக்கார்ட் ஆபீஸில் வாங்கும் சான்றே போதும், ஏற்கெனவே உங்களுக்குச் சேர வேண்டியதுதான் அது. பழைய தேதி டிகிரியோடு வேலையில் சேர்ந்து பிடிபட்டால் வேலையும் போகும், வழக்கும் வரும். அந்த 40,000ஐ வீட்டுக்கூரைக்குப் போடுங்கள், இந்த மழை இன்னும் விடுகிறபாடாகத் தெரியவில்லை.