பழைய கணினி திறக்க நெடுநேரம் ஆகிறது. பின்னணிச் சேவைகளை எல்லாம் நிறுத்திவிடலாமா?

எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். சேவைகள் என்பவை திரையில் தெரியாமல் பின்னால் ஓடும் நிரல்கள்; சில இல்லாமல் கணினியே ஓடாது. மாங்குளத்தில் டியூட்டரி நடத்தும் நீங்கள், உங்கள் விண்டோஸ் 10 மேசைக் கணினி சில நாட்களில் விரைவாகத் திறப்பதாகவும், கரண்ட் நின்று வந்தால் இழுபடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு வசதி உண்டு. முறையாக ‘ஷட் டவுன்’ கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளின் நிலை டிஸ்கில் எழுதப்பட்டு, அடுத்த முறை அப்படியே ஏற்றப்படும். கரண்ட் திடீரென்று போனால் எழுத அவகாசம் இல்லை. எல்லாச் சேவைகளும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். யூபிஎஸ் இல்லாத கணினிக்கு வன்னியில் இது வழக்கமான தொல்லை. ஆகவே, சேவைகளில் கை வைத்தபின் பலனைச் சோதிக்க ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். அணைத்துப் போட்டால் பழைய நிலைதான் திரும்பி வரும், மாற்றம் தெரியாது.

பரந்தனில் தட்டச்சும் பிரதியும் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று விண்ணப்பப் படிவத்துடன் நிற்பவரைக் கணினிக்காகக் காக்க வைக்க எனக்கு மனம் வருவதில்லை. அதனால் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்வேன்.

‘சிஸ்டம் கொன்ஃபிகரேஷன்’ திறந்து, சேவைகள் பகுதியில் மைக்ரோசொஃப்ட் சேவைகளை மறைக்கும் கட்டத்தில் சரி அடையாளம் இடுங்கள். மிஞ்சுபவை வெளியார் நிறுவியவை. குற்றவாளிகள் பெரும்பாலும் இங்கேதான் இருப்பார்கள்: எப்போதோ வாங்கிய பிரிண்டரின் துணைச் சேவை, புதுப்பிப்புத் தேடும் சேவைகள், காலாவதியான வைரஸ் தடுப்பி. தேவையற்ற மென்பொருளை முழுதாக நீக்குவதே நல்லது. தேவையானதை ‘சர்வீசஸ்’ பட்டியலில் ‘மனுவல்’ (தேவைப்படும்போது மட்டும் தொடங்குவது) ஆக்கலாம், அல்லது தாமதமாகத் தொடங்கும்படி விடலாம். தாமதம் என்றால் மற்றவை தொடங்கி ஏறத்தாழ 2 நிமிடங்களுக்குப் பிறகு. தொடங்கவே விடாத ‘டிசேபிள்ட்’ கடைசி வழி.

ஒரே மூச்சில் பலவற்றை மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, பெயரையும் முந்தைய நிலையையும் கொப்பியில் எழுதி, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சேவையின் ‘டிபென்டன்சீஸ்’ பக்கம், அதை நம்பி வேறு எவை ஓடுகின்றன என்று காட்டும். மாணவர்களுக்கு வினாத்தாள் அச்சிடுகிறீர்கள் என்றால் ‘பிரின்ட் ஸ்பூலர்’ ஓடியே ஆக வேண்டும். ‘ரிமோட் புரொசீஜர் கோல்’, ‘பிளக் அன்ட் பிளே’ இரண்டின் பக்கமும் போகாதீர்கள். விண்டோஸுடன் வரும் வைரஸ் தடுப்பியான டிஃபென்டரையும் தொடக்கூடாது, விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், இருக்கும் காவலையும் இழக்க வேண்டாம்.

டாஸ்க் மனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியையும் பாருங்கள். அங்கே உள்ள அரட்டைச் செயலிகளை நிறுத்துவதில் ஆபத்தில்லை.

இவ்வளவுக்குப் பின்னும் இழுத்தால், உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்கா என்று பாருங்கள். சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி தரும் வேகத்தை எந்தச் சேவையை நிறுத்தியும் பெற முடியாது. பழைய மேசைக் கணினிக்குப் பெரும்பாலும் 2.5 அங்குல, ‘சாட்டா’ இணைப்பு உள்ள வகைதான் பொருந்தும். வவுனியாவுக்குப் போய் வாங்குவதற்கு முன் பெட்டியைத் திறந்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.