நர்சம்மா பதில்கள்: வலி எடுத்ததிலிருந்து கூடவே இருப்பவர்

(உசிலம்பட்டி வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் பேறுகாலக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

நர்சம்மா, எனக்கு ஏழாம் மாதம், தலைப்பிரசவம். ஹைதராபாத்தில் இருக்கும் என் தோழிக்கு, மிட்வைஃப்கள் நடத்தும் பிரசவ மையத்தில் குழந்தை பிறந்தது. டாக்டர் வரவேண்டிய தேவையே இருக்கவில்லையாம். இதைச் சொன்னதும் என் மாமியார், "எங்க சின்னத்தை வீட்டுலதான் பெத்தா, நஞ்சுக்கொடி விழாம செத்துப்போனா. திரும்பவும் அதுக்கா?" என்று பயப்படுகிறார். அது எப்படிப்பட்ட இடம்?
வாசகி, செல்லம்பட்டி

மகளே, மாமியாரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். நஞ்சு விழாமலும் ரத்தம் நிற்காமலும் போன உயிர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் உண்டு. அந்தக் காலத்து மருத்துவச்சிப் பாட்டிகளுக்குக் கைப்பழக்கமும் பொறுமையும் இருந்தன. ரத்தத்தை நிறுத்த ஊசி இல்லை, கூப்பிட்டால் வர வண்டி இல்லை.

நீங்கள் கேட்கும் மையத்தில் இருப்பவர் நர்சிங் படித்துப் பதிவு பெற்று, அதற்கு மேலும் பிரசவம் பார்ப்பதைத் தனியாகப் பயின்றவர். குழந்தையின் இதயத்துடிப்பை அடிக்கடி கேட்டு எழுதிக்கொண்டே இருப்பார். பிள்ளை வெளியே வந்ததும் தாய்க்கு ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி போடுவார். அந்த ஊசி இருந்திருந்தால் உங்கள் மாமியாரின் சின்னத்தை ஒருவேளை பிழைத்திருப்பார். பிள்ளை அழாவிட்டால் மூச்சுக் கொடுக்கும் பையைக் கையாளவும் அவருக்குத் தெரியும். இதையெல்லாம் மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

அப்புறம், சாதாரண லேபர் வார்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கூடவே இருப்பதுதான். செக்கப்பில் பார்த்த அதே முகம், வலி எடுத்த நேரத்திலும் பக்கத்தில் இருக்கும். நெரிசலான வார்டில் ஒரு நர்ஸ் ஒரே நேரத்தில் நாலைந்து பேரைப் பார்க்க ஓடுவார். கை பிடித்து உட்கார அவருக்கு எங்கே நேரம்? இந்த மையங்களில் நீங்கள் நடக்கலாம், கஞ்சியோ மோரோ குடிக்கலாம், குத்தவைத்தோ ஒருக்களித்துப் படுத்தோ முக்கலாம். தேவையில்லாமல் வலியைக் கூட்டும் ஊசி ஏற்றி விரட்டமாட்டார்கள், எல்லாருக்கும் வழக்கம்போலப் பிறப்புவழியை வெட்டித் தையல் போடமாட்டார்கள்.

நான் படித்த காலத்தில், கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கும்போது அந்தக் கணக்கை மட்டும் வைத்து அவசரப்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொல்லிவிட்டது. சேடபட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், ராத்திரி முழுக்கத் தன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். வலி வரும்போதெல்லாம் நின்று சுவரில் நெற்றியை வைத்துக்கொள்வாள். நான் இடுப்பை அழுத்திவிடுவேன். துடிப்பு நன்றாக இருந்தது, பிரஷர் நன்றாக இருந்தது, காத்திருந்தோம். விடிகாலையில் ஒரு தையல்கூட இல்லாமல் பெற்றாள். இந்தக் காத்திருப்பு எல்லாப் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் இதைப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் சிக்கல் வந்தால்? டாக்டர் இல்லாத இடத்தில் மனைவியை விட எனக்கு மனம் வரவில்லை.
வாசகர், திருமங்கலம்

சரியான கேள்வி தம்பி. எல்லாரையும் அங்கே சேர்க்கமாட்டார்கள். பிரஷர், சர்க்கரை, கடுமையான ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, தலை மேலே இருக்கும் குழந்தை, முன்பு சிசேரியன் ஆனவர்கள், இவர்களுக்கெல்லாம் டாக்டர் இருக்கும் இடம்தான்.

சிக்கல் இல்லாதவர்களுக்கு எப்படி என்று இங்கிலாந்தில் பெரிய ஆய்வு ஒன்று நடந்து 2011-இல் வெளியானது. 64,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தார்கள். மிட்வைஃப் நடத்தும் மையங்களில் குழந்தைகளுக்கு வந்த ஆபத்து, டாக்டர்கள் பொறுப்பில் இருந்த பிரிவுகளைவிடக் கூடுதலாக இல்லை. சிசேரியனும் ஆயுதம் போட்டு எடுப்பதும் குறைவாக இருந்தன. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: தலைப்பிரசவத்துக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 36 முதல் 40 பேரைப் பிரசவத்தின் நடுவிலோ முடிந்த உடனேயோ டாக்டர்கள் இருக்கும் பிரிவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது, மூன்றாவது பிரசவம் என்றால் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான்.

இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலி நீண்டுபோவது, வலி தெரியாமல் இருக்க ஊசி கேட்பது போன்றவையும் இதில் சேர்ந்தவை. ஆனால் மாற்றும் வழி தயாராக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ரத்தப்போக்கு உள்ள பெண்ணுக்கு அது நீண்ட தூரம். அதனால் நம் ஊருக்கு ஏற்றது, அறுவை அரங்கும் ரத்தமும் உள்ள மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே தனிப் பிரிவாக இருக்கும் மையம்தான் என்பது என் உறுதியான கருத்து. எங்கே சேர்த்தாலும், "மாற்ற வேண்டி வந்தால் எங்கே, எதில், எவ்வளவு நேரத்தில்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

இதையெல்லாம் பணக்காரர்களுக்கான விஷயம் என்கிறார்களே? அரசாங்கத்தில் உண்டா?
வாசகி, செல்லூர், மதுரை

மத்திய அரசே 2018-இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பதிவு பெற்ற செவிலியர்களுக்கு 18 மாதப் பயிற்சி கொடுத்து, பெரிய அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே இவர்கள் பொறுப்பில் பிரசவப் பிரிவு நடத்துவது திட்டம். அதற்கு முன்பே தெலங்கானா அரசு கரீம்நகரில் பயிற்சியைத் தொடங்கிவிட்டது.

நமக்கு இது ஏன் அவசரம் என்றால், 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 45 பிரசவம் சிசேரியன். தனியாரில் 64-ஐ ஒட்டி, அரசு மருத்துவமனைகளில் 36. சிசேரியன் உயிர்காக்கும் அறுவை, அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் இத்தனை பேருக்கா? ஒரு சமூகத்தில் அது நூற்றுக்குப் பத்தைத் தாண்டும்போது தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகப்பிரசவங்களைப் பெரும்பாலும் பார்ப்பவர்கள் செவிலியர்கள்தான், அம்மா. அடித்தளம் இருக்கிறது. உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்வதையும் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனைகளில் அதற்கு இடம் உண்டு.

வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு குழுவில் சொல்கிறார்களே?
பெயர் வேண்டாம், மேலூர்

வேண்டாம். 2018-இல் திருப்பூரில் அப்படிச் செய்து ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்தார். வீடியோ உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்காது, ஊசி போடாது. மருத்துவமனையில் திட்டுவார்கள், அவமானப்படுத்துவார்கள் என்ற பயத்தில்தான் பலர் இப்படி யோசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட லேபர் வார்டுகளை நானும் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். அதற்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள். பயம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், பேசுவோம்.

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இதைப் பற்றிச் சொல்ல நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது?
குழுத் தலைவி, அலங்காநல்லூர்

ரொம்ப சந்தோஷம். துண்டுப் பிரசுரம் அச்சடிப்பதில் காசைப் போடாதீர்கள், கடலை மடிக்கத்தான் போகும். அங்கன்வாடியில் நடக்கும் சமுதாய வளைகாப்புக்கு எப்படியும் கர்ப்பிணிகளும் மாமியார்களும் வருவார்கள். செவிலியர் கையால் சுகமாகப் பெற்ற ஒரு பெண்ணை அன்றைக்கு எழுந்து பேசச் சொல்லுங்கள். சிக்கல் வந்து மாற்றப்பட்டுப் பிழைத்து வந்தவர் இருந்தால் அவரும் பேசட்டும். இரண்டையும் கேட்டால்தான் நம்பிக்கை வரும்.

பிறகு ஐந்தாறு கர்ப்பிணிகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் பிரசவ அறையைக் காட்டுங்கள். கட்டில் எது, குழந்தைக்குச் சூடு காட்டும் மேஜை எது என்று அங்கே இருக்கும் சிஸ்டரே சொல்லட்டும். கணவர்களையும் அழைத்துப்போங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் வருவார்கள். மருத்துவ அலுவலரிடம் மட்டும் முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே யாராவது வலியில் இருந்தால் இன்னொரு நாள் போகலாம்.